ஆண்டர்சன்பேட்டையில் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு அலாரம்

ஜூலை இரண்டாம் வாரம், வியாழக்கிழமை மதியம், ஃப்ளோரா ஒரு புகைப்படம் அனுப்பினாள். சின்னக் கருப்புத் திரையில் சிவப்பாக 18 என்ற எண். கீழே ஒரே வரி: "அக்கா, சனிக்கிழமை வர முடியுமா?"

வழக்கமாக இந்த இணையத்தளத்தில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றி எழுதுகிறேன். என் பிழைப்பு வேறு. இருபது வருடமாகத் தொழிற்சாலைகளில் சர்வோ டிரைவ் பழுது பார்க்கிறேன். சர்வோ டிரைவ் என்பது தடித்த புத்தகம் அளவிலான ஒரு பெட்டி. மோட்டார் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று அதுதான் கட்டளையிடும். தனக்கோ மோட்டாருக்கோ ஆபத்து என்று பட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு எண்ணைக் காட்டும். அதுதான் அலாரம். ரீசெட் பொத்தானை அழுத்தி அதை அழித்தால்தான் மறுபடி ஓடும். இந்த முறை பிழைப்பும் பயணமும் ஒரே ரயிலில் ஏறிக்கொண்டன.

ஃப்ளோராவை நாலு வருடம் முன்பு ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன். நான் பழுது பார்க்கப் போன மெஷினை ஓட்டியவள் அவள். அலாரம் வந்த நேரத்தையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பதினோரு வருடமாகக் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். மூன்றே முக்காலுக்கு எழுந்து ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு எட்டரை. மகளை விழித்த முகத்தோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதே ரயில் பெட்டியில் வந்து போகும் ஆறு பெண்கள் சேர்ந்து இந்த வருடம் ஒரு பழைய பேக்கிங் மெஷினை வாங்கி, தங்கவயலிலேயே, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கடலை மிட்டாயை வரிசையாக உள்ளே விட்டால் தாளைச் சுற்றி, ஒட்டி, வெட்டித் தரும் மெஷின். ஃப்ளோராவும் சரளாவும் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பில் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். மற்ற நாலு பேரும் இன்னும் ரயிலில்தான். பெங்களூரில் கடைகளுக்குத் தின்பண்டம் அனுப்பும் மஞ்சுநாத் என்பவர் சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு வருகிறார். மெஷின் இரண்டு மணி நேரம் அலாரம் இல்லாமல் ஓடினால் ஆர்டர். இல்லையென்றால் ஆறு பேருக்கும் மறுபடி ஐந்து மணி ரயில்.

மெஷினோ ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை.

இனி பயணம். கிருஷ்ணராஜபுரத்தில் காலை 6.35க்கு ரயில் ஏறினேன். பங்காரப்பேட்டை 56 கிலோமீட்டர், டிக்கெட் 20 ரூபாய், 7.40க்கு இறங்கினேன். காலையில் பெங்களூர் போகிற ரயில்களில் ஒற்றைக் காலில் நிற்கவும் இடம் கிடைக்காது. நாம் எதிர்த்திசை என்பதால் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம். இடையில் ஒரு நிலையத்தில் நின்றபோது எதிரே வந்த வண்டியின் வாசல்களைப் பார்த்தேன். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து நின்றுகொண்டே தூங்கினார்கள். பிறகு ஜன்னல் பக்கம் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பங்காரப்பேட்டை பேருந்து நிலையத்தில் 8.05க்குத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ். பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். கர்நாடக முகவரி உள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: 55 ரூபாய். அங்கிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டோ 70 ரூபாய். பகிர்ந்து போகும் ஆட்டோ என்றால் 15தான், ஆனால் என் கருவிப் பை ஒன்பது கிலோ.

"எங்கம்மா, மைன்ஸ் பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர். "உள்ள வுட மாட்டாங்க. வெளிய நின்னு போட்டோ புடிச்சிக்கலாம்."

"இல்லைங்க அண்ணா. ஒரு மெஷின் ரிப்பேர்."

"மெஷினா? நீங்களா?" முழு உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்கண்ணா."

"பாத்துகினுதான் கீறேன். என் வண்டியிலயும் ஒரு செவப்பு லைட்டு மூணு மாசமா எரியுது. கறுப்பு டேப்பு ஒட்டி வெச்சிருக்கேன். இப்போ தொல்ல இல்ல."

என் தொழிலில் பாதிப்பேர் செய்வதை இவ்வளவு நேர்மையாக யாரும் என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

9.15க்கு ஷெட். ஃப்ளோரா வாசலிலேயே நின்றாள். மெலிந்து போயிருந்தாள். உள்ளே சரளா. ஐம்பது வயதிருக்கும். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. உரத்த குரல்.

"வாங்க மேடம். டீ போட்டேன், ஆறிப் போச்சு. இருங்க, அதுக்கும் ஒரு ரீசெட் குடுக்கறேன்," என்று பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்தார்.

மெஷின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஆளுயர மின்பெட்டி, அதற்குள் டிரைவ். மின்பெட்டியின் மேல் குங்குமப் பொட்டும், பக்கவாட்டில் ஒரு சின்னச் சிலுவைப் படமும். "ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்னு," என்றார் சரளா.

18 என்ற எண்ணுக்கு அந்த டிரைவின் புத்தகத்தில் அர்த்தம் எளிது: உள்ளே சூடு அதிகம். ஆனால் சூடு எங்கிருந்து வரும்? வெளியே மேகமூட்டம், சிலுசிலுவென்று காற்று. ஷெட்டுக்குள் 23 டிகிரி. சரளா ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

மின்சாரத்தை நிறுத்தி, டிரைவின் சிறு விளக்கு முழுதாக அணையும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து, பெட்டியைத் திறந்தேன். விசிறி நிறுத்துவதற்கு முன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வயர்கள் இறுக்கமாக இருந்தன. வெட்டும் கத்தியின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. விசிறியின் சல்லடையில் வடிகட்டிப் பஞ்சு இல்லை, எப்போதோ கிழிந்து போயிருக்கிறது. ஆனாலும் பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தூசு கிடையாது.

"இவ்வளவு சுத்தமாக ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை," என்று பாராட்டினேன். சரளா முகம் மலர்ந்து போனது. வடிகட்டி இல்லாத பெட்டி, காற்றுக் காலத்தில், ஆண்டர்சன்பேட்டையில் எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று அந்த நிமிடமே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாராட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ரீசெட் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அவர்கள் என்னைவிட நன்றாகச் செய்தார்கள். முதலில் ஓட்டும் சுவிட்சை நிறுத்தத்தில் வைக்க வேண்டும். அது ஓட்டத்திலேயே இருக்க ரீசெட் அழுத்தினால் சில மெஷின்கள் அழுத்திய நொடியே கிளம்பிவிடும், கத்தி யாருடைய விரலையும் கேட்டுக்கொண்டு இறங்காது. ஃப்ளோரா சுவிட்சைத் திருப்பிவிட்டு, "ஃப்ளோரா, கை வெளிய!" என்று தன் பெயரைத் தானே சொன்னாள். "சரளா, கை வெளிய!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதன் பிறகுதான் பொத்தான்.

"இது யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல மேடம்," என்றார் சரளா. "எங்கப்பா மைன்ஸ்ல ஷிப்டு போற காலத்துல, ஆளுங்கள கீழ எறக்கற கேஜ் நகர்றதுக்கு முன்னாடி தல எண்ணுவாங்களாம். நாங்க கைய எண்றோம். அவ்ளோதான்."

9.40க்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. ஐம்பதாவது நிமிடம் மூவரும் திரையையே பார்த்தோம். ஒன்றும் இல்லை. எழுபது, எண்பது. டிரைவின் உள்வெப்பம் 41 டிகிரியில் நின்றது. 80 தொட்டால்தான் அலாரம்.

"நேத்து வரைக்கும் இப்படி ஓடவே இல்லக்கா," ஃப்ளோரா தலையைச் சொறிந்தாள்.

"மேடத்தப் பாத்து பயம் அதுக்கு. இன்ஸ்பெக்டர் வந்தா கிளாஸ்ல பசங்க வாயத் தொறக்குமா?"

11.15 வரை ஓடியது. ஏதோ ஒரு வயர் தளர்ந்திருந்து என் கை பட்டு இறுகியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஊர் பார்க்கக் கிளம்பினேன்.

பழைய சுரங்கங்கள் இருக்கும் பாலகாட் பக்கம் போய்வர ஆட்டோ 80 ரூபாய். சுற்றுச்சுவருக்குப் பின்னால் சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாப்ட் ஒன்றின் இரும்புக் கோபுரம், உச்சியில் அசையாத பெரிய சக்கரம். அதைத் தாண்டினால் கழிவுமண் மேடுகள். தங்கம் பிரிக்கச் சயனைடு கலந்த மண் என்பதால் ஊரில் சயனைடு மலை என்கிறார்கள். உச்சி மழித்ததுபோல் தட்டையாக, மழை அரித்த கோடுகளோடு, வெளிறிய மஞ்சளில் நீண்டு கிடக்கின்றன. அழகு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினொன்றரைக்கு மேல் காற்று எழுந்தது. மேட்டின் உச்சியிலிருந்து மாவு சலிப்பதுபோல் ஒரு வெள்ளைத் திரை கிளம்பி ஊர்ப்பக்கம் நகர்ந்தது. இரண்டு நிமிடத்தில் என் பல்லில் நறநறப்பு. தெருவில் போனவர்கள் துண்டையும் துப்பட்டாவையும் மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். வரிசை வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம். ஒவ்வொரு கதவின் அடியிலும் உள்ளிருந்து யாரோ ஈரத்துணியைச் சுருட்டித் திணித்தார்கள். யாரும் பதறவில்லை. மழை வந்தால் கொடித்துணியை எடுப்பதுபோல் ஒரு வேலை, அவ்வளவுதான்.

12.10க்கு ஃபோன். "அக்கா, வந்துடுச்சு. அதே பதினெட்டு."

12.35க்குத் திரும்பிப் போனபோது மின்பெட்டியின் கதவு திறந்திருந்தது, இருவரும் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். உள்வெப்பம் 44க்கு இறங்கியிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் சோதித்தேன். மறுபடி எதுவும் கிடைக்கவில்லை. ரீசெட் செய்து 12.50க்கு ஓடவிட்டேன். ஒழுங்காக ஓடியது. சூடே இல்லாத இடத்தில் சூடு என்று ஒரு பெட்டி சொன்னால், அதன் வெப்பம் உணரும் பகுதி கெட்டிருக்க வேண்டும். அதைத் தனியாக மாற்ற முடியாது. டிரைவையே மாற்ற வேண்டும்.

"புதுசு வர எத்தன நாள் ஆவும்?" என்றாள் ஃப்ளோரா.

"பத்து நாள்."

அவள் நோட்டை மூடி வைத்தாள். சரளாதான் சொன்னார்: "மஞ்சுநாத் சார் இன்னைக்கு மூணரைக்கு வராரு. பத்து நாள் கழிச்சு வான்னா வருவாரா? அதுக்குள்ள எங்க லீவும் முடிஞ்சிரும். வுடு ஃப்ளோரா, டிபன் டப்பாவத் தொலைக்காம வெச்சிருக்கியா?"

சிரிப்பதற்காகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

1.20க்கு ஃப்ளோரா என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனாள், வீடு இரண்டு தெரு தள்ளி. சரளா மெஷினோடு இருந்தார். சோறு, கீரைக் குழம்பு, நெத்திலிக் கருவாட்டு வறுவல். அருமையான சாப்பாடு, நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து நாள் என்பதை ஐந்தாகக் குறைக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்கலாம் என்று தோன்றியது. அதற்கு டிரைவின் மாடல் எண் வேண்டும். "நீ சாப்பிடு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்," என்று கைகழுவிவிட்டுத் தனியாக ஷெட்டுக்கு நடந்தேன். மணி 1.50.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மின்பெட்டியைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் ஒரு நீலச் சட்டை நின்றது. பள்ளிச் சீருடைத் துணி. ஓரமெல்லாம் வெள்ளை நாடா வைத்துத் தைத்த பைப்பிங். அடியில் எலாஸ்டிக். வயர் வெளியே வர அளவாக ஒரு துளை, அதைச் சுற்றிப் பொத்தான் துளைக்குப் போடுவது போல் காஜா தையல். முன்பக்கம் ஃப்ளோராவின் நோட்டு வைக்க ஒரு பை, அதற்கு ஒரு அழுத்துப் பொத்தான். கழுத்து முதல் கால் வரை மூடிய அந்தச் சட்டைக்குள் மின்பெட்டி மூச்சுவிடாமல் நின்றது.

சரளா என்னைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "ஐயோ மேடம், ஒரு குரல் குடுத்துட்டு வரக் கூடாதா? இருங்க, எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க! அப்படியே இருக்கட்டும்." துணியின் மேல் கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. ஓரத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து உள்வெப்பத்தைப் பார்த்தேன். 74. "எப்போ போட்டீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் தெரு திரும்பனதும். காத்து எப்படி அடிக்கிதுன்னு பாக்கலியா? தூசு உள்ள பூந்துட்டா மெஷின் இன்னாத்துக்கு ஆவும்?"

"காலையில் நான் வந்தபோது இல்லையே? மதியம் வந்தபோதும் இல்லை."

சரளா என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வூட்டுக்கு விருந்தாளி வந்தா டிவி மேல கீற துணிய எடுக்க மாட்டாங்களா? இன்ஜினீயர் மேடம் பெங்களூர்ல இருந்து வராங்க. அதுக்குப் போர்வையப் போத்தி நிக்க வெச்சா மரியாதையா கீதா?"

ஃப்ளோரா ஈரக்கையோடு ஓடி வந்தாள். நான் நீலச் சட்டையைக் காட்டினேன்.

"இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?"

"அலாரத்தப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன்," என்றாள் பரிதாபமாக. "துணியப் பத்தி நீங்க கேக்கலியேக்கா."

நான் அங்கிருந்த மிட்டாய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை. நோட்டை வாங்கிப் பார்த்தோம். முதல் அலாரம் ஜூன் மூன்றாம் வாரம். காற்று ஆரம்பித்த வாரம், சரளா சட்டை தைத்து முடித்த வாரம்.

சரளா சிரிக்கவில்லை. "ரெண்டு சாயந்திரம் ஒக்காந்து தெச்சேன். அப்போ நான்தான் அத்த மூச்சடைக்க வெச்சிகினு இருந்தேனா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அதற்குள் எழுந்தும் விட்டார். "செரி, எடுத்துட்றேன். ஆனா தூசு? அது பொய்யா?"

பொய்யில்லை. அங்கேதான் நான் சிரிப்பை நிறுத்தினேன். அந்த மாவுத்தூசு டிரைவின் சர்க்யூட் மேல் படிந்து, அதன் மேல் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால், ஆறு மாதத்தில் டிரைவ் நிஜமாகவே போய்விடும். சட்டை போட்டால் அலாரம், கழற்றினால் சாவு. சரளா செய்தது தப்பு, ஆனால் பயந்தது சரி. பெட்டி அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு வேறு யாரும் காரணமில்லை.

மணி 2.05. என் பையில் எப்போதும் வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டு இருக்கும். விசிறியின் நாலு ஸ்குரூவைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். அதுவரை உள்காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, இனி வெளிக்காற்றைப் பஞ்சு வழியாக உள்ளே இழுக்கும். உள்ளே காற்று நிறைந்து ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் வெளியே தள்ளினால் தூசு நுழைய வழியில்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரளா பெட்டியின் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் அவர் தையல் மெஷின்.

முப்பது நிமிடத்தில் திரும்பி வந்தார். விசிறிக்கு நேராகச் சட்டையில் ஒரு சதுர ஜன்னல், அதில் பஞ்சைச் செருக ஒட்டும் பட்டை. எதிர்ப்பக்கம் மேலே காற்று வெளியேற இன்னொரு ஜன்னல், அதற்கு ஒரு மடிப்பு, மழைக்குச் சாய்த்த ஓடு மாதிரி. "பஞ்ச வாராவாரம் கயட்டித் தட்டிக்கலாம். எப்படி?" என்றார். தொழிற்சாலையில் இருந்து வரவழைத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது என்று சொன்னேன். இந்த முறை பாராட்டுக்கு முன் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டேன்.

2.50க்கு "ஃப்ளோரா, கை வெளிய!" "சரளா, கை வெளிய!" நானும் என் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கினேன். ஐம்பது நிமிடத்தில் 48 டிகிரி.

அந்த நேரம் சரியாக மஞ்சுநாத் வந்தார், பத்து நிமிடத் தாமதத்துடன், ஸ்கூட்டரிலேயே தூசு அப்பிய முகத்தோடு. ஊர் கோலார். பாதி கன்னடமும் பாதி தமிழும். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "நோடும்மா ஃப்ளோரா, முன்னாடியே ரெண்டு யூனிட்டுல ஏமாந்திருக்கேன். பண்டிகை நேரத்துல மெஷின் கெட்டோயித்துன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ஒரு அலாரம் வந்தாலும் நான் கிளம்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்து 3.45 என்று சொன்னார்.

அதற்கப்புறம் எல்லோர் கண்ணும் மெஷின் மேல். கத்தி இறங்கும் சத்தம் மட்டும். பாக்கெட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. 4.35, ஐம்பது நிமிடம். ஃப்ளோராவின் உதடு அசைந்தது, ஜெபமாக இருக்கலாம். திரையில் எண் எதுவும் வரவில்லை.

5.05க்கு மெஷின் கீச்சென்று சத்தமிட்டு நின்றது.

மஞ்சுநாத் கடிகாரத்தைப் பார்த்தார். ஃப்ளோரா வெளுத்துப் போனாள். நான் திரையைப் பார்த்தேன்: டிரைவில் ஒன்றுமில்லை. சரளா ஏற்கெனவே புதுத் தாள் உருளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அலாரம் இல்ல சார், பசி. தாளு தீந்து போச்சு. சோறு போட்டா தானா ஓடும்."

உருளை மாற்றி, தாளைக் கோத்து, இரு குரல்களும் கை வெளியே என்று கூவி, பொத்தானை அழுத்த மூன்றரை நிமிடம். மஞ்சுநாத் அதை இமைக்காமல் பார்த்தார். "அது என்ன, பேரு சொல்றது?" என்றார். ஃப்ளோரா விளக்கினாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "எங்க கோடவுன்லயும் இது பேக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இது வேண்டும் என்று அர்த்தம்.

5.45. உள்வெப்பம் 49. அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து ஒட்டிய ஓரத்தை இழுத்துப் பார்த்தார், பிரித்தார், மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "ஆகஸ்டு ஒண்ணுல இருந்து. மொதல்ல மூணு மாசம் பாப்போம். சரியா?"

சரளா உரக்க "சரி சார்" என்றார். ஃப்ளோரா தலையாட்டினாள். ஓட்டும் சுவிட்சை நிறுத்தத்துக்குத் திருப்பினாள். மெஷின் ஓய்ந்தது. பிறகு, தேவையே இல்லாமல், "ஃப்ளோரா, கை வெளிய," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் 6 மணிக்குக் கிளம்பி, பகிர்வு ஆட்டோ, பஸ் என்று மாறி, பங்காரப்பேட்டையில் 7.20 ரயிலைப் பிடித்தேன். ஒன்பதரைக்கு முன் வீடு.

ரயிலில் ஹோசூர் தொழிற்சாலை ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று வருடம் முன்பு அங்கே காரணம் கிடைக்காமல் ஒரு டிரைவை மாற்றச் சொன்னேன். புதுசும் ஒரு மாதத்தில் அதே எண்ணைக் காட்டியது. அவர்கள் என்னை மறுபடி கூப்பிடவில்லை. அங்கேயும் நான் வருவதற்கு முன் யாராவது எதையாவது துடைத்து, நகர்த்தி, கழற்றி வைத்திருப்பார்கள். இருபது வருடமாக நான் பார்த்தவை எல்லாம் எனக்காகத் தலை வாரி உட்காரவைத்த மெஷின்கள். மரியாதையாகத்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் அந்த மரியாதைக்குப் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. முட்டிவலிக்கு மருத்துவரிடம் போகிற அன்று நானும் மாடிப்படியைப் பிடிக்காமல் ஏறிக் காட்டுகிறேன். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆட்டோ, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 260 ரூபாய். ரயில் நேரங்கள் மாறுகின்றன, முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லை, சயனைடு மேடுகளில் ஏறாதீர்கள், எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் சரி. ஜூன் பாதி முதல் ஆகஸ்டு வரை காற்று, முகக்கவசமும் ஒரு துண்டும் கட்டாயம். தூசு பிடிக்காதவர்கள் நவம்பர், டிசம்பரில் போகலாம், மாலையில் ஸ்வெட்டர் வேண்டும். மாலையில் பெங்களூரிலிருந்து கிளம்பும் ரயிலில் போக நேர்ந்தால், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இருக்கையை விட்டுக்கொடுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: அலாரத்தை ரீசெட் செய்வது தப்பில்லை, ஆனால் ஓட்டும் சுவிட்ச் நிறுத்தத்தில், கைகள் வெளியே, எண்ணையும் நேரத்தையும் எழுதிய பிறகு. ஒரே எண் மூன்றாம் முறை வந்தால் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். பழுது பார்க்க ஆள் வருகிறார் என்றால் தயவுசெய்து எதையும் துடைக்காதீர்கள். மெஷின் தினமும் எப்படி நிற்குமோ அப்படியே நிற்கட்டும். எங்களுக்கு டீ மட்டும் போதும்.

ஆகஸ்டு முதல் தேதி காலை 5.04க்கு ஃப்ளோரா ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பின்னணியில் எங்கோ தூரத்தில் ரயில் ஊதும் சத்தம். அப்புறம் அவள் குரல், கிசுகிசுப்பாக, பக்கத்தில் படுத்திருக்கும் யாரையோ எழுப்பிவிடாமல்:

"அக்கா, கேக்குதா? நம்ம வண்டி போவுது. நான் படுத்துகினு கீறேன்."